பழைய பதிப்பு ஓடிக்கொண்டிருந்த வீடு

ஆஸ்பத்திரி டோக்கன் செயலியின் நான்காம் பதிப்பைச் சர்வரில் ஏற்றிய அன்று சாயங்காலம், சர்வர்காரர் வீட்டுக்கு இரண்டு பேராகத் திரும்பி வந்தார். இருவரும் ஒரே நீலக் கோடு போட்ட சட்டையில் இருந்தார்கள். இரண்டு சட்டையிலும் மூன்றாவது பொத்தான் மட்டும் வேறு நிறம். வாசலில் செருப்பை முதலில் யார் கழற்றுவது என்று கொஞ்சம் தயக்கம் இருந்ததே தவிர, மற்றபடி சண்டை சச்சரவு எதுவும் இல்லை. கதவைத் திறந்த மனைவி இருவரையும் மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தாள். காலையில் வாங்கி வரச் சொல்லியிருந்த பல்பை ஒருவர் நீட்டினார். காபி போடட்டுமா என்று அவள் இப்போது கேட்டதற்கு மற்றவர்தான் பதில் சொன்னார். பல்பு கொண்டுவந்தவருக்குக் கேள்வியே காதில் விழவில்லை. கணவனுக்குக் காது கேட்காமல் போவது அந்த வீட்டில் புதிய விஷயம் இல்லை என்பதால், அன்றைக்கு அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தெருவில் அவளுக்குப் பிரேக் அக்கா என்று பெயர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கற்றுக்கொடுக்கும் வண்டியில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. இருபத்தைந்து வருடமாக அதை மிதித்து மிதித்து, பஸ்ஸில் பயணியாக உட்கார்ந்திருக்கும்போதும் அவள் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். கணவர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் சர்வரைப் பார்த்துக்கொள்பவர். என்ன வேலை என்று கேட்டவர்களிடமெல்லாம் ‘சர்வர்’ என்று அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டதால், கீழ்வீட்டுக்காரர் வெகுகாலம் அவர் ஏதோ ஓட்டலில் பரிமாறுகிறார் என்று நினைத்து, இன்றைக்கு என்ன சூடாக இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். இவரும் மறுத்துச் சொல்லவில்லை. மறுத்துச் சொல்வது, விளக்கிச் சொல்வது, மனதில் கிடப்பதை எடுத்து வெளியே வைப்பது, இதெல்லாம் அவருக்கு வராது. எதைக் கேட்டாலும் ‘அப்புறம்’ என்பார். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. தள்ளிப்போடுகிற மனிதர், அவ்வளவுதான்.

அவர் இரண்டானதற்குக் காரணம் ஒரு பூஜ்ஜியம். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் கைபேசியிலேயே டோக்கன் எடுத்துத் தங்கள் எண் வரும்வரை காத்திருப்பதற்கான அந்தச் செயலி, பின்கட்டில் முன்பு எக்ஸ்ரே படங்களை அடுக்கி வைத்திருந்த ஜன்னலில்லாத அறையில், ஒரு சர்வரில் இரவு பகலாக ஓடியது. ஓடுவது அதன் வேலை. ஓடுகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. பதிவுக் கோப்புகள் பெருத்து டிஸ்க்கை அடைத்துவிடாமல் வெட்டிவிடுவார். செயலி தடுக்கி விழுந்தால் தூக்கி நிறுத்த ஒரு சின்ன நிரலைக் காவல் வைப்பார், பிறகு அந்தக் காவலுக்கு ஒரு காவல் வைப்பார். முதல் மூன்று பதிப்புகளை மாற்றும்போது பழையதை நிறுத்திவிட்டுத்தான் புதியதைக் கிளப்பினார். மூன்றாவது தடவை, அந்தக் கொஞ்ச நேர இடைவெளியில் டோக்கன் இல்லாமல் தவித்த கூட்டம் மொத்தமும் கண் டாக்டர் அறைக்கு முன்னால் முண்டியடித்ததில் கதவின் கீல் கழன்றது. கண் டாக்டரின் கண்ணாடி உடைந்தது. இனிமேல் ஒரு நொடிகூட நிற்கக் கூடாது என்று நிர்வாக அதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நிறுத்தாமல் மாற்றுவதற்கு ஒரு வழி உண்டு. கடை அடைக்கும் நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் சாமான் போட்டுக் கொடுத்து அனுப்புவார்களே, அதே வழிதான். பழைய பதிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் புதியதைக் கிளப்பி, இனி வருகிறவர்களைப் புதியதன் பக்கம் திருப்பிவிட வேண்டும். பழையது புதிதாக எதையும் ஏற்காது. ஏற்கெனவே கையில் வாங்கிய வேலைகளை முடித்துக் கொடுத்துவிட்டுத் தானாக அடங்கும். அதற்காக எவ்வளவு நேரம் பொறுப்பது என்று ஓரிடத்தில் எழுத வேண்டும். உள்ளே நாலே நாலு நோயாளிகள்தான் இருந்தார்கள். பல்புக் கடை வேறு அடைத்துவிடுவான். பொறுக்க வேண்டாம் என்ற அர்த்தத்தில் சர்வர்காரர் அங்கே பூஜ்ஜியம் போட்டார். அந்த நிரலை எழுதியவர்களுக்கோ பூஜ்ஜியம் என்றால் வரம்பே இல்லை, எத்தனை காலமானாலும் பொறு என்று அர்த்தம். கையேட்டின் அடிக்குறிப்பில் அது தெளிவாகவே இருந்தது. அடிக்குறிப்புகளை அப்புறம் படிக்கலாம் என்று அவர் விட்டு வைத்திருந்தார்.

நாலு நோயாளிகளும் அன்றைக்கே மருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனாலும் பழைய பதிப்பு அடங்கவில்லை. நிலுவை என்று இன்னும் ஒரு பெரிய எண்ணைக் காட்டிக்கொண்டு நின்றது. அந்த எண் என்ன என்பது வீட்டில்தான் புரிந்தது. பல்பு கொண்டுவந்தவர்தான் பழையவர்; அவர் அதை மாட்டியதும் சர்வர் திரையில் எண்ணில் ஒன்று குறைந்தது. அடுத்த நாள் பழையவர், எட்டு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்த குளியலறைக் குழாயைச் சரிசெய்தார், இன்னொன்று குறைந்தது. வாழ்க்கையில் யார் யாருக்கு எதையெல்லாம் ‘அப்புறம்’ என்று சொல்லி வைத்திருந்தாரோ, அத்தனையும் அந்த எண்ணில் இருந்தன. அவற்றைச் செய்து முடிக்கத்தான் பழையவர் இருந்தார். புதிதாக எதைச் சொன்னாலும் அவர் காதில் ஏறாது. அலுவலகம், ரேஷன், பேங்க், மகளின் கல்லூரி என்று இன்றைய வேலைகளையெல்லாம் புதியவர் பார்த்துக்கொண்டார். அவர் எதையும் தள்ளிப்போடவில்லை. துண்டை மடித்துத் தொங்கப்போட்டார், கேட்ட கேள்விக்கு நின்ற இடத்திலேயே பதில் சொன்னார். யார் எங்கே படுத்துக்கொள்கிறார்கள் என்று தெருவுக்கு ஒரு கவலை இருந்தது. பிரேக் அக்கா முதல் நாளே தலையணையைத் தூக்கிக்கொண்டு மகள் அறைக்குப் போய்விட்டாள் என்று தெரிந்ததும் தெரு தன் வேலையைப் பார்க்கப் போனது.

செய்தி கேள்விப்பட்டு நாத்தனார் பஸ் ஏறி வந்தாள். ஓர் உறைக்குள் இரண்டு கத்தி எப்படி இருக்கும், இதில் எவன் என் தம்பி என்று ஒரு கை பார்த்துவிடுகிறேன் என்று இருவரையும் சோபாவில் உட்காரவைத்து விசாரணை நடத்தினாள். சின்ன வயதில் தன் கடிகாரத்தைத் தொலைத்தது யார் என்பது கேள்வி. பழையவர் காதில் அது விழவே இல்லை. புதியவர் யோசித்துப் பார்த்துவிட்டு, தெரியலையேக்கா என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிற மாதிரியும் இல்லை. “ஒருத்தனுக்குக் காது கேக்கல, ஒருத்தனுக்கு ஞாபகம் இல்ல. ரெண்டையும் சேத்தாதான் என் தம்பி” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, நாத்தனார் அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போனாள். போவதற்குமுன் பழையவர் அவளுடைய குடையைத் தேடியெடுத்துக் கம்பியைச் சரிசெய்து கையில் கொடுத்தார். ஏதோ ஒரு மழைக்காலத்தில் அவள் கேட்டிருந்தது.

கல்லூரியில் கணக்குப் படிக்கிற மகள்தான் அந்தக் கடிகாரக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். சில நாட்கள் புது அப்பாவை விடாமல் கேள்வி கேட்டுப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியாரிடம் அடி வாங்கினார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதை அவர் பலபேரிடம் சொல்லியிருந்தார். முதல் வேலையிலிருந்து ஒருநாள் ஏன் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தார் என்பது தெரியவில்லை. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. “அம்மா, ரொம்ப சிம்பிள்” என்றாள் மகள். “பழைய அப்பா யார்கிட்டயாவது வாய் விட்டுச் சொன்னதெல்லாம் புது அப்பாகிட்ட வந்துருக்கு. மனசுக்குள்ளயே வச்சிருந்தது வரல. சர்வர்லயும் அப்படித்தான். டிஸ்க்ல எழுதி வச்சதத்தான் புதுசு படிக்க முடியும். பழையது சும்மா மெமரில வச்சிருந்தது அதோடயே போயிடும்.” சொல்லிவிட்டு அவள் கல்லூரிக்குக் கிளம்பிப் போனாள். பிரேக் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

இந்த மகளுக்கு முன்னால் ஒரு பையன் பிறந்திருந்தான். இதே ஆஸ்பத்திரியின் பழைய கட்டிடத்தில். பிரசவத்தில் அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு வந்து, வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். அவள் நினைவில்லாமல் ஒரு வார்டில் கிடந்தாள். பிள்ளை இன்னொரு வார்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். அவள் கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒரு வாரம்கூட அவன் தங்கவில்லை. படம் எதுவும் இல்லை. வீட்டு ஆட்களில் அவனை உயிரோடு பார்த்தது சர்வர்காரர் மட்டும்தான். பையன் எப்படி இருந்தான் என்று அவள் கேட்டாள். “அப்புறம் சொல்றேன்” என்றார். வீட்டுக்கு வந்த பிறகு கேட்டாள். மகள் வயிற்றில் இருந்தபோது கேட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர் வாயைத் திறந்து, மென்று முழுங்கி, அப்புறம் சொல்றேன் என்று எழுந்து போவார். கேட்டுக் கேட்டு அவளுக்குச் சலித்தது என்று சொல்ல முடியாது. அவர் முகம் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் நிறுத்திக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலமே அவள் புதியவரிடம் அந்தப் பையனைப் பற்றிக் கேட்டாள். அவர் உடனே பதில் சொன்னார். ஆமா, முதல்ல ஒரு பையன் பிறந்து தவறிட்டான், அக்காவுக்குக்கூட நான்தான் போன் பண்ணிச் சொன்னேன் என்றார். செய்தித்தாளில் மூன்றாம் பக்கத்துச் செய்தியைப் படித்துக் காட்டுகிற மாதிரி சொன்னார். அவர் மேல் தப்பு இல்லை; அவரிடம் இருந்ததே அவ்வளவுதான். அந்தப் பிள்ளையின் முகம் இந்த உலகத்தில் ஒரே ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்தது, அவரோ வராந்தாவில் உட்கார்ந்து எப்போதோ ஒப்புக்கொண்ட ஒரு மின்விசிறியைப் பிரித்துப்போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவள் கேட்டது அவரிடம் நிலுவையில் இருந்தது. ஒருநாள் சொல்லத்தான் போகிறார், ஆனால் எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். சொல்லிவிட்டால் அவரிடம் நிலுவை எதுவும் மிஞ்சாது, போய்விடுவார். பிள்ளையின் முகம் வேண்டுமென்றால் மனிதரை விட வேண்டும், மனிதர் வேண்டுமென்றால் முகம் இல்லை. புதியவரிடம் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் பிள்ளை இருந்த அந்தச் சில நாட்களும் இரண்டு வார்டுக்கும் நடுவே நடந்தது அவரில்லை. அவள் யாரிடமும் எதுவும் சொல்லாமல், பழையவரிடம் இன்னும் நிறைய வேலை பாக்கி இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

நிறையத்தான் இருந்தது. ஒரு வருடத்துக்குமேல் அவர் அதைச் செய்துகொண்டிருந்தார். பழைய பக்கத்துவீட்டுக்காரரிடம் இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த மனிதர் மூன்று ஊர் தள்ளிக் குடிபோயிருந்தார். பழையவர் ஏணியோடு மூன்று பஸ் மாறினார். ஏணிக்கும் டிக்கெட் எடுத்தார். மகளுக்கு ஏழு வயதில் சைக்கிள் கற்றுக்கொடுக்கிறேன் என்று சொல்லி, அப்புறம் அப்புறம் என்று விட்டிருந்தார். அவள் தானாகவே கற்றுக்கொண்டு பல வருடம் ஆகியும், ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளின் பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரை மூச்சிரைக்க ஓடினார். கல்லூரிப் பெண், பார்க்கிறவர்கள் சிரிப்பார்களே என்று அவள் தயங்கவில்லை. வேண்டுமென்றே இரண்டு தடவை சைக்கிளைச் சாய்த்து, அப்பா விட்டுடாதீங்க என்றாள். அது அவர் காதில் விழவில்லை, ஆனால் அவர் விடவும் இல்லை. திரும்பி வந்து அவள் குளியலறைக்குள் போய் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மனைவியிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்வதாகக் கல்யாணமான புதிதில் சொல்லியிருந்ததும் நடந்தது. அந்தக் காலத்திலேயே அவள் சொல்லியிருந்த பாடமென்றால் காதில் விழும், புதிதாக ஒரு ‘பிரேக்’ என்றால் விழாது என்ற நிலையில் அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த அந்த மாதத்தில் அவள் வண்டியின் பிரேக் கட்டை இரண்டு தடவை மாற்றப்பட்டது.

கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. சர்வர் அறைத் திரையிலும் நிலுவை ஒன்று என்றே நின்றது. அது என்ன என்று புதியவருக்கோ மகளுக்கோ தெரியவில்லை. பிரேக் அக்காவுக்கு மட்டும் தெரிந்திருந்தது. பழையவர் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு அவளுக்கு எதிரே வந்து உட்காருவார். தொண்டையைச் செருமுவார். “அன்னிக்குக் கேட்டியே” என்று ஆரம்பிப்பார். அவ்வளவுதான், அவள் எழுந்துவிடுவாள். வேண்டாம் என்று வாயால் சொன்னால் அவர் காதில் ஏறாது. இடத்தை விட்டு எழுந்துபோவது ஒன்றுதான் வழி. மிக்ஸியைப் போடுவாள். துவைத்த துணியை மறுபடி நனைப்பாள். சாயங்கால வகுப்புகளை இரண்டு மடங்காக்கிக்கொண்டாள். ஊரில் வண்டி ஓட்டத் தெரியாதவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். அப்புறம், அப்புறம் என்று இப்போது அவள் ஓடிக்கொண்டிருந்தாள். அவர் அவசரப்படவில்லை. அவள் திரும்பி வரும்வரை அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

இதற்கிடையில் அவர் எடை கூடியது. நாற்காலிக் கால்கள் நாலும் தரை ஓட்டுக்குள் இறங்கின. பழையவர் சாப்பிடுவது என்னவோ கையளவுதான்; ஆனால் சர்வரில் பழைய பதிப்பு நாளுக்கு நாள் மெமரியைத் தின்றுகொண்டே போனது, அதற்கு ஏற்றபடி அவரும் கனத்தார். மிச்சமிருந்த இடத்தில் புதிய பதிப்பு மூச்சுத் திணறியது. காது டாக்டர் அறை வாசலில் ஒரே எண் காலையிலிருந்து மாலைவரை நின்றது. ரத்தப் பரிசோதனைக்கு வந்தவருக்குப் பல் டாக்டர் டோக்கன் போய், பல் டாக்டர் அவருடைய பல்லையும் பார்த்து அனுப்பினார். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் பழையதை நிறுத்தாவிட்டால் தானே வந்து மின்இணைப்பைப் பிடுங்குவேன் என்று நிர்வாக அதிகாரி சொன்னார். அந்த வாரம்தான் பிரேக் அக்காவிடம் வண்டி பழகிக்கொண்டிருந்த ஒரு பெண், நிறைமாதம், ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு சாண்தான் இருக்கும், தன் டோக்கன் நகராததால் முந்தின நாள் மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். “தலை சுத்துச்சுக்கா, பிரஷர் கொஞ்சம் ஜாஸ்தியாம். பரவாயில்ல, இன்னிக்கு மறுபடி போகணும்” என்று சிரித்தாள். பிரேக் அக்கா வண்டியை ஓரம் கட்டச் சொன்னாள். இடம் மாறி உட்கார்ந்து, அந்தப் பெண்ணைத் தானே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போய், டோக்கன் கிடக்கட்டும் என்று நேராக டாக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். திரும்பும்போது தன் சுயநலத்தை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை புதியவர் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். “நாளைக்கு நான் நிறுத்தணும். ஒரு வரிக் கட்டளைதான். ஆனா முடிச்சுட்டு அடங்குறது வேற, பாதியில கொல்றது வேற. கொன்னா, அவர் கையில வச்சிருக்கறது அவரோடயே போயிடும். என்ன வச்சிருக்கார்னு எனக்குத் தெரியல. உனக்குத் தெரியும்னு நினைக்கிறேன்.”

“தெரியும்” என்றாள்.

“தானா முடிக்க வழி இருக்கா?”

“இருக்கு. நான் எழுந்து போகாம உக்காந்தா போதும்.” அவள் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். “நீங்களும் பக்கத்துல உக்காருங்க. எனக்கு மட்டும் தெரிஞ்சா பத்தாது” என்றாள்.

மூவரும் ஹாலில் உட்கார்ந்தார்கள். பழையவர் தொண்டையைச் செருமினார், அன்னிக்குக் கேட்டியே என்று ஆரம்பித்தார், அவள் எழுந்திருக்கவில்லை என்பதைப் பார்த்துக் கொஞ்சம் தடுமாறினார். எத்தனையோ வருடமாகச் சொல்லத் தயாராக இருந்தவர் மாதிரி இல்லை. அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் மாதிரி இருந்தார். “உடம்பு ரொம்பச் சின்னது. என் உள்ளங்கையும் கொஞ்சம் மணிக்கட்டும், அவ்வளவுதான். ஆனா முகம் மட்டும் பெரிய ஆள் முகம். ஏதோ பஸ்ஸுக்கு லேட்டான மாதிரி புருவத்தச் சுருக்கிக்கிட்டே இருந்தான். இடது காது மேல மடிஞ்சிருந்தது. நர்ஸு அந்தக் கண்ணாடிப் பெட்டியத் திறக்கறப்பல்லாம் தும்முவான். ரெண்டு தும்மல். எப்பவும் ரெண்டு. மூணாவது வரும் வரும்னு நானும் நர்ஸும் காத்துட்டு இருப்போம், வராது. அதுக்கு அந்தம்மா ஒவ்வொரு தடவையும் சிரிப்பாங்க.” அழுதானா என்று அவள் கேட்டாள். அது புதிய கேள்வி, அவர் காதில் விழவில்லை. ஆனால் அதற்கான பதில் பழைய கேள்விக்குள்ளேயே இருந்தது. “அழவே மாட்டான். பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம், அதோட சரி. வலிச்சிருக்காதுன்னுதான் நினைக்கிறேன். நான் கேட்டேன், டாக்டரும் வலிக்காதுன்னார்.”

அவள் அவர் முழங்காலில் கையை வைத்தாள். “உன்கிட்ட வந்து உக்காருவேன், நீ கண்ணத் திறக்கமாட்ட. அவன்கிட்டப் போவேன். அம்மா தூங்கறாடா, எழுந்ததும் வருவா, இப்ப வந்துருவான்னு சொல்லிட்டே இருப்பேன். கடைசியாவும் அதத்தான் சொன்னேன். அவன் என் விரலப் பாத்துட்டே இருந்தான், அப்புறம் பாக்கல. நீ எழுந்து பையன் எப்படி இருந்தான்னு கேட்டப்ப, அவன்கிட்ட நான் பொய் சொல்லி அனுப்பிட்டேன்னு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதான் அப்புறம்னு சொன்னேன்.” இதைச் சொன்னபோது அவர் அழுதார். அவளும் அழுதாள். பொய்யில்லங்க, நான் வரத்தான் இருந்தேன் என்று அவள் சொன்னது அவருக்குக் கேட்டதா என்று தெரியாது. “உன் காது மாதிரியே மடிஞ்சிருந்தது” என்றார். “அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல.”

நாற்காலி காலியாக இருந்தது. அவள் கை அவர் முழங்கால் இருந்த உயரத்திலேயே கொஞ்சநேரம் நின்றுவிட்டுக் கீழே இறங்கியது. சர்வர் அறையில் பழைய பதிப்பு எந்தப் பிழையும் இல்லாமல் தானாக அடங்கியிருந்ததாகப் பதிவுக் கோப்பில் ஒரே ஒரு வரி இருந்தது. காது டாக்டர் வாசலில் எண்கள் நகர ஆரம்பித்தன. புதியவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார். தன்னுடைய பிள்ளை எப்படி இருந்தான் என்று அவர் முதல் தடவையாக அன்றைக்குத்தான் கேள்விப்பட்டார். சாயங்காலம் மகள் வந்ததும் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, உன் அண்ணன் எப்படி இருந்தான் தெரியுமா என்று முழுவதும் சொன்னார். அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னார். நாத்தனார் மறுமுனையில் வெகுநேரம் மூக்கை உறிஞ்சிவிட்டு, மடிஞ்ச காது நம்ம பக்கம் கிடையாது என்று மட்டும் சொன்னாள். மாடிப்படியில் எதிர்ப்பட்டு, இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்ட கீழ்வீட்டுக்காரருக்கும் சொன்னார். அவர் எதையும் விசாரிக்காமல் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கடைசிவரை கேட்டார். நிறைமாதக்காரிக்கு அடுத்த வாரம் பெண் குழந்தை பிறந்தது. ஓட்டுநர் உரிமம் கைக்குழந்தையோடு போய் வாங்கினாள்.

ஐந்தாம் பதிப்பு இரண்டு வருடம் கழித்து வந்தது. இந்தத் தடவை சர்வர்காரர் அடிக்குறிப்பையெல்லாம் படித்துவிட்டு, பொறுக்க வேண்டிய நேரம் அரை மணி என்று தெளிவாக எழுதினார். அப்படியும் சாயங்காலம் இரண்டு பேர் படியேறி வந்தார்கள். தெருவில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மேல்வீட்டில் இன்றைக்குப் பதிப்பு மாற்றம் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே தெருமுனை இஸ்திரிக்காரர் கையிலிருந்த சட்டையைத் திருப்பிப்போட்டார். பழையவரிடம் நிலுவை என்று எதுவுமே இல்லை. அவளைப் பார்த்து ஒரு தலையாட்டல், அவ்வளவுதான், கடைசிப் படியிலேயே அவர் இல்லாமல் போனார். புதியவர் வாசலுக்கு வந்தார். பிரேக் அக்கா கதவைப் பாதிதான் திறந்திருந்தாள். காலையிலிருந்து அவளுக்கு ஒரு வாய் சாப்பாடு இறங்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், “பையன் எப்படி இருந்தான்?” என்று கேட்டாள்.

செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசலில் நின்றபடியே அவர் சொல்ல ஆரம்பித்தார்.